கூப்பிடும் முன்பே எரிந்தவை

கிள்ளானிலிருந்து புறப்படும்போது என்னிடம் ஒரு துணிப் பெட்டியும் ஒரு மருந்துக் குடுவையும் இருந்தன. துணிப் பெட்டி வழியிலேயே வேறு ஏதோ ஊருக்குப் போய்விட்டது. குடுவை மடியில் இருந்ததால் பிழைத்தது. அதற்குள் பனிக்கட்டிக்கு நடுவே மிளகளவு சாயப்பொடி. அதைக் கொடுக்கும்போது என் பேராசிரியர், "நீ தொலைந்தாலும் பரவாயில்லை, இது தொலையக் கூடாது" என்று மலாயில் சொன்னார். நல்ல மனுஷன்.

ராயபுரத்தில் ஒரு சின்ன குழந்தைப்பேறு மருத்துவமனை. அங்கே ஆய்வகத்தில் இருக்கும் பெண்ணுக்கு ஒரு புதுச் சோதனையைக் கற்றுக்கொடுத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. கைத்தொலைபேசியில் பாம்பு விளையாட்டைத் தவிர வேறு ஒரு மண்ணும் இல்லாத காலம் அது. துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. என் டாக்ஸி அவற்றுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு பீடி பற்றவைத்தார்.

"எப்பங்க நகரும்?" என்றேன்.

"ஆர்பர் கேட்டு தொறந்தா நகரும். நீ தூங்கும்மா. லாரிக்காரனுங்க இங்கியே சமைச்சி துன்னுட்டு குளிச்சிகினு கீறானுங்க, பாரு."

உண்மைதான். ஒரு லாரிக்கு அடியில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் கிள்ளான் துறைமுகத்திலும் லாரி நிற்கும். ஆனால் யாரும் குடித்தனம் நடத்த மாட்டார்கள். குழம்பு வாசனை நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நல்ல பசி.

மருத்துவமனை வாசலில் ஜமீலா காத்திருந்தாள். ஆய்வகப் பெண் அவள்தான். ராயபுரத்துக்காரி, முப்பதைத் தாண்டியவள், வாய் ஓயாதவள். நான் நாலு வார்த்தை பேசியதும், "இன்னா மேடம், ரேடியோவுல நியூஸ் படிக்கிற மேரியே பேசுறீங்க" என்று சிரித்தாள். மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறையை ஒழித்து, சுவரெல்லாம் கறுப்பு அடித்து, ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டி வைத்திருந்தாள். கதவைச் சாத்தினால் என் கை எனக்கே தெரியவில்லை. புழுக்கம் வேறு. விந்தணுக்களை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த அறையில் அதற்குத் தனி ஏற்பாடு தேவைப்படும் என்று தோன்றவில்லை.

சோதனை இதுதான், பயப்பட வேண்டாம். கருமுட்டையைச் சுற்றியிருக்கும் செல்கள் ஒரு ஹார்மோனைக் கசியவிடுகின்றன. அது பட்டதும் விந்தணுவுக்குள் கால்சியம் குபுகுபுவென்று பாயும். அப்போதுதான் வால் வேகமெடுத்து அடிக்கும், தலை முட்டையைத் துளைக்கத் தயாராகும். எந்தக் கதவு வழியாகப் பாய்கிறது என்று அன்றைக்கு உலகத்தில் ஒருவரும் அடித்துச் சொல்லவில்லை. எலியிடம் ஒரு கதவைக் கண்டுபிடித்து அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தார்கள். என் குடுவையிலிருந்த சாயம் விந்தணுவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கால்சியம் வந்தால் பச்சையாக ஒளிரும். முட்டை கூப்பிட்டால் விந்தணுவுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கிற சோதனை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முதலில், உதவ ஒப்புக்கொண்ட ஒருவரின் விந்து மாதிரியை வைத்துப் பார்த்தோம். அவர் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். இருட்டில் நுண்நோக்கியில் கண்ணைப் பொருத்தினேன். மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நிழல்கள் நீந்திக்கொண்டிருந்தன. ஒரு சொட்டு ஹார்மோன் விட்டேன். மூச்சு விடும் நேரம்தான். ஒன்று எரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு அங்கங்கே, அங்கங்கே, மொத்தமும். அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஊதியது. ஜமீலாவைப் பார்க்கச் சொன்னேன்.

"யா அல்லா!" என்று பின்னால் நகர்ந்துவிட்டாள். "மேடம், இதுங்களுக்கு நாம கீறது தெரியுமா?"

தெரியாது என்றேன். ஆனால் எனக்கும் முதல்முறை பார்த்தபோது அப்படித்தான் இருந்தது.

மறுநாள் ஏழுமலையும் தனமும் வந்தார்கள். ஏழுமலைக்கு விம்கோ நகர் பக்கம் லேத் பட்டறையில் வேலை. ஆள் ஒல்லி, தரையைப் பார்த்தே பேசுகிறவர். அவர் மனைவி தனம் காசிமேட்டில் மீன் எடுத்துத் திருவொற்றியூரில் விற்கிறவள். கல்யாணமாகி வருஷக் கணக்காகியும் குழந்தை இல்லை. கூடவே வந்திருந்த ஏழுமலையின் அம்மா அஞ்சலைதான் மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசினாள்.

"எல்லா ஆஸ்பத்திரிலயும் எம்புள்ளைக்குத்தான் கொறைன்றாங்கம்மா. எல்லாம் செத்துப் போயி கீதுன்றாங்க. எங்க வம்சத்துல அப்டி ஒண்ணு கெடையவே கெடையாது. மலேசியா மிஷினு வந்துகீதுன்னாங்க, நீ பாத்து சொல்லு. அவன் மேல கொற இல்லன்னு வெச்சிக்க, பொன்னேரில ஒரு பொண்ணு பாத்து வெச்சிகீறேன். இவள அவ அம்மா வூட்டுக்கு அனுப்சிடுவேன்."

தனம் பக்கத்திலேயேதான் நின்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. மாடு மாற்றுகிற மாதிரியல்லவா பேசுகிறாள் இந்த அம்மா!

"இவங்களையும் சோதிச்சுப் பாத்தாங்களா?" என்று கேட்டேன்.

"பெரியாஸ்பத்திரில பாத்தாச்சு மேடம். எனக்கு ஒண்ணுமில்லன்ட்டாங்க" என்றாள் தனம். அஞ்சலை, "அவ சொல்றதுதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்படியானால் கவலை இல்லை என்று நினைத்தேன். ஏழுமலையிடமும் குறையில்லை என்றால், இருவரும் நன்றாகத்தான் இருக்கிறீர்கள், பொறுமையாக இருங்கள் என்று அந்த அம்மாவை ஓர் அதட்டு அதட்டி அனுப்பிவிடலாம். மருத்துவமனையில் மாதிரி கொடுக்க ஏழுமலைக்குக் கூச்சம். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள். தங்கள் முறை வரும்வரை தனம் டப்பாவைக் கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயம் ஏற்றி, இருட்டறையில் வைத்துக் கண்ணைப் பொருத்தினேன். ஹார்மோன் இன்னும் என் கையில்தான் இருந்தது, ஒரு சொட்டுகூட விடவில்லை. ஆனால் அவை ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தன.

பாதி சாயமே பிடிக்காமல் கறுப்பாகக் கிடந்தது. மீதி அத்தனையும் பச்சை. ஒன்றும் நீந்தவில்லை. வால் சுருண்டு, தலை மட்டும் ஒளிர்ந்தபடி, எல்லாம் ஒரே வெளிச்சத்தில் அசையாமல் கிடந்தன. யாரும் கூப்பிடவில்லை. பின் எதைக் கேட்டு இப்படி எரிகின்றன? நான் சட்டென்று பயப்படுகிற ஆள் இல்லை, ஆனாலும் ஜமீலாவை அறைக்குள்ளேயே இருக்கச் சொன்னேன்.

ஒரு நாள் விட்டு மறுபடி வரச் சொன்னேன். மறுபடியும் அதேதான். பாதிச் சோதனையில் மின்சாரம் போய், நுண்நோக்கியின் பாதரச விளக்கும் அணைந்தது. அந்த விளக்கு ஒரு முசுடு. அணைந்தால் முழுதும் ஆறினால்தான் மறுபடி எரியும். அதுவரை நானும் ஜமீலாவும் கும்மிருட்டில் உட்கார்ந்திருந்தோம். மேசைமேல், ஒரு கண்ணாடித் துண்டில், அவையும் எங்களோடு இருந்தன. வெளிச்சம் போட்டால்தான் அவை தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மூலையைப் பார்க்காமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு!

சாயம் கெட்டுவிட்டதா என்று இன்னொருவர் மாதிரியில் பார்த்தேன். அது ஒழுங்காக இருட்டில் நீந்தி, கூப்பிட்டதும் எரிந்தது. தண்ணீரை மாற்றினேன், உப்புக் கரைசலை மாற்றினேன். தெருமுனை ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து பேராசிரியரைக் கூப்பிட்டேன். "கூப்பிடாமல் எப்படித் திறக்கும்? முதலில் உன் கையைக் கழுவு" என்று வைத்துவிட்டார்.

பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஈயம், காட்மியம் மாதிரியான உலோகங்கள் உடம்பில் சேர்ந்தால் கால்சியத்தின் வழியில் குறுக்கிடும். பட்டறை, ஆலை, புகை என்று வாழ்கிற மனுஷன். ஊரைப் பார்க்க வேண்டும் என்றேன். ஜமீலா என்னை ஒரு ஷேர் ஆட்டோவில் திணித்து எண்ணூர்ப் பக்கம் அழைத்துப் போனாள். ஒருவர் மடியில் ஒருவராகப் போனோம். என் காலடியில் ஒரு கோழி.

கழிமுகத்தில் இறங்கியதும் முதலில் கவனித்தது சத்தம் இல்லாததைத்தான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் அடியில் படிந்து, கால் வைத்தால் மாவு மாதிரி அமுங்கியது. இடுப்பளவு நீரில் ஓர் ஆள் இறால் தடவிக்கொண்டிருந்தார். "கெடைக்குதாண்ணே?" என்று ஜமீலா கேட்டாள். அவர் கையைத் தூக்கிக் காட்டினார். முழங்கை வரை சாம்பல் நிறம், விரலில் ஒன்றுமில்லை. திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மணலிப் பக்கம் சுத்திகரிப்பு ஆலையின் புகைக்குழாய் உச்சியில் ஒரு நெருப்பு எரிந்தபடி இருந்தது. அது எப்போதும் எரியுமாம். அந்த ஆரஞ்சு வெளிச்சம் ஆட்டோவில் இருந்த எல்லோர் முகத்திலும் விழுந்தது. அதை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ராயபுரம் வந்ததும் ஜமீலா தள்ளுவண்டியில் அத்தோ வாங்கிக் கொடுத்தாள். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். முட்டைக்கோசும் புளியும் மிளகாயும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். எங்கள் ஊர் வறுத்த நூடுல்ஸ், மீ கோரெங்கை விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் இரண்டு தட்டு சாப்பிட்டேன். மறுநாள் ஏழுமலை வீட்டுக்கே போய்விடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். மாதிரியை எப்படி எடுக்கிறார்கள், எதில் கொண்டுவருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

வீடு திருவொற்றியூரில் கடலோரம். ஓரம் என்றால் நிஜமாகவே ஓரம். தெருவின் எதிர்வரிசையைக் கடல் எடுத்துக்கொண்டிருந்தது. கொட்டிய பாறைகளுக்கு நடுவே பாதிச் சுவர் ஒன்று நின்றது. அதில் நீலச் சுண்ணாம்பு, ஒரு மாடம், மாடத்தில் எண்ணெய்க் கறை. அலை வந்து மாடம் வரை நனைத்துவிட்டுப் போனது. "அது இவரு பெரியப்பா வூடு" என்றாள் தனம், சாதாரணமாக.

அஞ்சலைக்கு என்னைப் பார்த்ததில் பெருமை தாங்கவில்லை. எப்படிக் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டதும், "எம்மருமவள வேற எதுல வேணா கொற சொல்லுவேன், இதுல சொல்ல மாட்டேன். தோ பாரு, எவ்ளோ உசாரா எடுத்துகினு வரான்னு" என்று மூலையிலிருந்து ஒரு தெர்மக்கோல் பெட்டியை இழுத்துத் திறந்தாள்.

உள்ளே ஐஸ். மீனுக்குப் போடுகிற உடைத்த ஐஸ். நடுவில் டப்பா வைக்க ஒரு குழி.

"ஐஸா?" என்று கத்தியேவிட்டேன்.

"பின்ன? கேட்டு மூடி, லாரி மறிச்சி, வந்து சேர எந்நேரம் ஆவுதோ! கெட்டுப் பூடாதா?"

தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், பிறகு சிரிப்பு வந்தது. மீன்காரர் வீட்டில் கெட்டுப்போகிற எதையும் ஐஸில்தான் வைப்பார்கள், வேறு எங்கே வைப்பார்கள்! விந்தணுவைத் திடீரென்று குளிரில் போட்டால் அதன் தோல் ஓட்டையாகிவிடும். கால்சியம் தானாக உள்ளே கொட்டும். அது உள்ளிருந்தே எரிந்து அடங்கிவிடும். யாரும் கூப்பிடத் தேவையில்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும் அவர்கள் பார்த்தது ஐஸில் செத்ததைத்தான். இதை நான் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். ஏழுமலை முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்போ எனக்கு ஒண்ணுமில்லியா மேடம்?" என்றார். நாளைக்கு வேட்டி மடிப்பில், உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்றேன். அஞ்சலை உடனே நெத்திலி வறுத்துத் தட்டு நிறையப் போட்டாள். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு நெத்திலியை நான் சாப்பிட்டதில்லை. "பொன்னேரிக்கு ஆளனுப்பணும்" என்று அவள் அடுப்படியில் தனக்குள் சொல்லிக்கொண்டது காதில் விழுந்தது.

பஸ் நிறுத்தம் வரை தனம் கூட வந்தாள். பாறைகளைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"யக்கா, சூடா எடுத்துகினு வரணும்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

நான் நின்றுவிட்டேன்.

"மொத ஆஸ்பத்திரியிலயே நர்சம்மா சொன்னாங்க. ஒடம்பு சூட்டுல வெச்சிக்க, குளுந்தா செத்துடும்னு. அதான் ஐஸ்ல வெச்சேன். ஒவ்வொரு வாட்டியும் ஐஸ்லதான் வெச்சேன்."

"ஏன் தனம்?"

"சின்ன வயசுல எனக்கு வயித்துல டீபி வந்துச்சுக்கா. கர்ப்பப்பை உள்ள ஒட்டிகிச்சாம். ஒண்ணும் தங்காதாம். பெரியாஸ்பத்திரில சொன்னது அதான். வூட்ல ஒண்ணுமில்லன்னு சொல்ட்டேன்." அவள் அழவில்லை. மீன் விலை சொல்கிற குரலில்தான் சொன்னாள். "ஆம்பளைக்குக் கொறைன்னா யாரு இன்னா பண்ண முடியும்? வாய மூடிகினு இருப்பாங்க. எனக்குன்னா நாளைக்கே பெட்டியத் தூக்கிப் போட்டுடுவாங்க. அம்மா செத்துப் பூட்டாங்க, போவ எனக்கு இன்னா வூடு கீது? நீங்க பொய் சொல்லுங்கக்கா. நாளைக்கும் எல்லாம் செத்துதான் கெடக்குதுன்னு சொல்லிடுங்க."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அந்த மனுஷன் வருஷக் கணக்காகத் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாரே! என்மேல் அதைவிடக் கோபம். மீன்காரி, பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று நான்தானே சிரித்தேன். பொய் சொல்ல மாட்டேன் என்றேன். உன் புருஷனிடம் நீயே சொல், வேறு வழி இல்லை என்றேன். பஸ் வந்துவிட்டது. அவள் பாறைகளின் பக்கம் திரும்பி நடந்தாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மூவரும் வந்தார்கள். ஏழுமலை டப்பாவை இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்து அவரே ஜமீலாவிடம் கொடுத்தார். கண் சிவந்திருந்தது. தனம் சுவர் ஓரமாக நின்றாள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அஞ்சலை மட்டும் புதுப்புடவையில் இருந்தாள்.

"நானும் உள்ள வந்து பாக்கலாமா மேடம்?" என்றார் ஏழுமலை.

வழக்கமாக யாரையும் விடுவதில்லை. அன்று விட்டேன். கதவைச் சாத்தினோம். நான் முதலில் பார்த்தேன். இருட்டு. மங்கிய நிழல்கள், கூட்டம் கூட்டமாக, அத்தனையும் நீந்திக்கொண்டிருந்தன. எழுந்து அவரை உட்காரவைத்து, கண்ணைப் பொருத்தச் சொல்லிவிட்டு, பக்கவாட்டிலிருந்து ஒரு சொட்டு விட்டேன்.

நான் எதையும் பார்க்கவில்லை. இருட்டில் அவர் மூச்சை மட்டும் கேட்டேன். அது நின்றது. நெடுநேரம் நின்றிருந்தது. கண் வைக்கும் இடத்திலிருந்து கசிந்த பச்சை அவர் புருவத்தில் விழுந்து மெல்ல மங்கியது.

"இதெல்லாம் என்னுதா?"

"உங்களதுதான். ரொம்ப நல்லா இருக்கு."

"எரிஞ்சி, இப்ப அடங்கிடுச்சி."

"அப்படித்தான் ஆகணும். கூப்பிட்டது கேட்டுச்சுன்னு அர்த்தம்."

அவர் நுண்நோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, "அவ எல்லாத்தயும் சொல்ட்டா மேடம்" என்றார். "நேத்து ராவு பூரா மனசு வலிச்சிது. என்னியப் பாத்து எத்தினி பேரு சிரிச்சானுங்க தெரியுமா, பட்டறைல? அவள ரெண்டு அறை வுடலாம்னு எழுந்தேன். அவ அந்த ஐஸ் பொட்டி பக்கத்துல குந்திகினு நடுங்கிகினு இருந்தா. கையி வரல." இருட்டில் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "நல்லா கீதுன்னு தெரிஞ்சிகிச்சி. எனக்கு அது போதும்."

அவரே கதவைத் திறந்தார். அஞ்சலை எழுந்து நின்றாள்.

"இல்லம்மா" என்றார் ஏழுமலை. "எனக்குத்தான் கொற. இன்னிக்கும் ஒண்ணும் எரியல."

அஞ்சலை அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "மெய்யாலுமா டாக்டரம்மா?"

ஜமீலாவும் என்னைப் பார்த்தாள். ஏழுமலை தரையைப் பார்க்கவில்லை, நேராக என் கண்ணைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றேன்.

அந்த அம்மா பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கையை நீட்டி, சுவரோரம் நின்ற தனத்தின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். தனம் பயந்து பின்வாங்கினாள். அஞ்சலை விடவில்லை. இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்து மார்போடு அழுத்திக்கொண்டாள்.

"தனம், நான் பேசுனதெல்லாம் மனசுல வெச்சிக்காதடி" என்றாள். "எம்புள்ளய வுட்டுட்டுப் பூடாத."